மழை நாளில் மட்டும் கிளம்பாத கார்

மகள் அனுப்பிய படத்தில் காரின் முன்சக்கரங்களில் ஒன்று மண்மேட்டில் ஏறி நின்றது. இன்னொன்று எதன்மீதும் இல்லை. அதற்குக் கீழே படிப்படியாக இறங்கும் முட்டைக்கோஸ் பாத்திகள், அதற்கும் கீழே வெறும் பனி. படத்தின் அடியில், “நான் ஓக்கே. திட்டாதீங்க” என்று எழுதியிருந்தாள்.

அது ஒரு சனிக்கிழமை காலை. பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அப்போதுதான் ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியிருந்தேன். அதை அவிழ்த்துவிட்டு, “ஒரு நிமிஷம் அங்கிள்” என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். அன்று மீதி ஊசிகளை எல்லாம் உடன் வேலை செய்பவள்தான் போட்டாள்.

மகளுக்கு அப்போதுதான் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி. படிப்பை முடித்துவிட்டு அந்த நியமன ஆணைக்காக அவள் வெகுநாள் காத்திருந்தாள். தங்கப் போகும் அறையைப் பார்க்க வெள்ளிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனவள், இரவு அங்கேயே தங்கினாள். காலையில் கார் கிளம்பவில்லை. வீடு சரிவான பாதையில் இருந்தது. பின்னால் காய்கறி லோரி ஒன்று வழிக்காகக் காத்து நின்றது. லோரிக்காரர் அவசரப்படுத்தவே, கியரை நியூட்ரலில் போட்டுக் கைபிரேக்கை இறக்கி, காரைக் கொஞ்சம் உருள விட்டு ஓரம் கட்டலாம் என்று நினைத்திருக்கிறாள். இன்ஜின் ஓடாத காரில் பிரேக் கல்லாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும்தான் தெரியாது. மண்மேடு தடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது எழுதும்போதும் என்னால் யோசிக்க முடியவில்லை.

லோரிக்காரரும் தோட்டத்தில் வேலை செய்யும் இரண்டு பேரும் சேர்ந்து காரைப் பின்னால் இழுத்துவிட்டார்கள். வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காதது போலக் கார் கிளம்பிவிட்டது. அன்று சாயங்காலம் கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் அவளே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். சிரித்துக்கொண்டுதான் இறங்கினாள். கணவர் அந்தப் படத்தைப் பார்த்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார், வெளியே போய்த் தன் மோட்டார் சைக்கிளைக் கழுவ ஆரம்பித்தார். அதை அவர் முந்தின நாள்தான் கழுவியிருந்தார்.

“அந்தக் காரை எடுத்துட்டு நீ மலைக்குப் போகக்கூடாது” என்றேன் நான்.

“காரு இல்லாம எப்படிம்மா? ரூமுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல பஸ்ஸே கெடையாது.”

“அப்ப அப்பீல் போடு. கிள்ளான்ல, சுபாங்ல எங்கயாச்சும் கேளு.”

“அப்பீல் போட்டுட்டு? மறுபடியும் டியூஷன் சென்டர்ல போய் உக்காரவா? ம்மா, எனக்கு முப்பது வயசுல போஸ்டிங் வந்தா உங்களுக்குச் சந்தோஷமா?”

பள்ளியில் அவள் வேலையில் சேர வேண்டிய நாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அதற்குள் காரில் என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டால் அவள் போகலாம். கண்டுபிடிக்க முடியாவிட்டால் வேறு பள்ளி கேட்டு மனு எழுதிக் கொடுக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த உடன்பாட்டைப் போடும்போது கோளாறு அகப்படாமலே போகட்டும் என்றுதான் மனத்தின் ஒரு மூலை வேண்டிக்கொண்டது.

மறுநாளே போமேனிடம் கொண்டுபோனோம். இங்கே கார் பழுது பார்ப்பவரை எல்லோரும் போமேன் என்றுதான் சொல்வோம். எங்கள் போமேன் பொறுமையான மனிதர். பேட்டரியைச் சோதித்தார், இன்ஜினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்த்தார், கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார். சாவியைப் பலமுறை திருப்பினார். ஒவ்வொரு முறையும் கார் உடனே கிளம்பியது.

“நல்லா இருக்கே அக்கா. இது காரா, உங்க மகள் மாதிரி சுறுசுறுப்பா இருக்கு.”

“மேல குளிர்ல கெளம்பலன்னு சொல்றேன்ல.”

“குளிருல பேட்டரி தூங்கும் லா. மாத்திப் பாப்போம். ஆனா நோவு வர்றப்ப கொண்டு வந்தாதான் எனக்குத் தெரியும். சும்மா இருக்கற புள்ளையத் தூக்கிட்டு வந்து காய்ச்சல்னா நான் என்ன பண்றது?”

புதுப் பேட்டரி போட்டார். வீட்டுக்கு வரும் வழியில் மகள் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள். எனக்குத்தான் மனம் நிற்கவில்லை. என் வேலையில் இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சில காய்ச்சல்களுக்கு நடுக்கம் இருக்கும்போதே ரத்தம் எடுக்க வேண்டும். காய்ச்சல் இறங்கிய பிறகு எடுத்தால் கண்ணாடித் தகட்டில் ஒன்றும் தெரியாது, நோயாளியும் நம்மை நம்ப மாட்டார். கார் வொர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போதெல்லாம் சூடாகியிருக்கிறது. காய்ச்சல் இறங்கிய பிறகுதான் நாங்கள் போமேனிடம் போய்க்கொண்டிருக்கிறோம்.

அப்படியென்றால் காய்ச்சலை வரவழைக்க வேண்டும். கிள்ளானில் குளிருக்கு எங்கே போவது?

“ஐஸ்” என்றார் கணவர்.

அவர் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் கிடங்கில் ஷிப்ட் பார்க்கிறவர். அன்று மாலை வேலை முடிந்து வரும்போது, மீன் இறங்குகிற துறையிலிருந்து இரண்டு பெரிய பெட்டி நிறைய உடைத்த ஐஸ் வாங்கிக்கொண்டு, நண்பருடைய வேனில் வந்து இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு உற்சாகம். ஐஸைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி, பேட்டரியின் மேலும் ஸ்டார்ட்டரைச் சுற்றியும் அடுக்கினோம். மேலே பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடினோம். தெரு முழுக்க மீன் வாடை.

எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். “என்ன அண்ணே, பானெட்டுக்குள்ள மீன் கடை போட்டாச்சா?”

“கெளுத்தி இருக்கு, கெண்டை இருக்கு, எது வேணும்?” என்றார் கணவர்.

“இவரு ஒரு ஆளுன்னு…” என்று நான் ஆரம்பிக்க, மகள் போர்வைக்கு உள்ளே கையை விட்டுப் பார்த்து, “கேமரனவிட ஜில்லுன்னு இருக்குப்பா!” என்றாள்.

ஐஸ் பாதி கரையும்வரை காத்திருந்துவிட்டு அவள் சாவியைத் திருப்பினாள். கார் உடனே கிளம்பியது. எதிர்வீட்டுக்காரர் கை தட்டினார். எங்கள் மூன்று பேருக்கும் முகம் தொங்கிவிட்டது. கார் கிளம்பியதற்காக வருத்தப்பட்ட குடும்பம் அந்தத் தெருவில் நாங்களாகத்தான் இருப்போம்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. குளிரை வைத்துப் பார்த்தாயிற்று, குளிர் இல்லை. மலையில் குளிரோடு வேறு என்ன இருந்தது?

“இதுக்கு முன்னாடி கிள்ளான்ல எப்பவாச்சும் இப்படி ஆகியிருக்கா?” என்று மகளிடம் கேட்டேன்.

தட்டைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு மூணு தடவ” என்றாள். “சாவியத் திருப்புனா டக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்துடும். சொன்னா நீங்க காரத் தர மாட்டீங்கன்னு சொல்லல.”

“அன்னிக்கெல்லாம் மழையா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஆமாம்மா. விடிய விடிய மழை பேஞ்ச நாளு.”

ஐஸைப் பைகளில் இறுக்கிக் கட்டியதால் ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. காருக்குக் குளிர் ஒத்துக்கொண்டது. ஈரம்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

போமேனிடம் போய் இதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, “சரியாத்தான் சொல்றீங்க” என்றார். மின்சாரத்தை அளக்கும் தன் மீட்டரை எடுத்துக் கையில் கொடுத்தார். “மழை பேயற அன்னிக்கு நீங்களே பாருங்க அக்கா. ஊசி குத்தற கைதானே? இதுலயும் ரெண்டு ஊசிதான்.”

அதன் பிறகு மழை வரவில்லை. வழக்கமாக மாலையானால் கொட்டித் தீர்க்கும் கிள்ளான் வானம் ஏறக்குறைய அந்த இரண்டு வாரமும் காய்ந்து கிடந்தது. ரயிலில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஜன்னல் வழியாக மேகத்தைத் தேடினேன். மகள் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள், மறுபடி எடுத்து வெளியே வைத்தாள். மேசையில் அவளுடைய கணினி திறந்திருந்தது. மனுவின் முதல் வரி மட்டும் அதில் இருந்தது. அந்த ஒரு வரியைப் பார்க்கப் பார்க்க, நான் ஆசைப்பட்டது இதுதானா என்று எனக்கே கசந்தது.

அவள் வேலையில் சேர வேண்டிய திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை இரவு மழை பிடித்தது. காலையிலும் விடவில்லை. மகள்தான் வந்து எழுப்பினாள். “ம்மா, வாங்க. காய்ச்சல் வந்திருக்கும்.”

வாசலில் சாரல். அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். டக். அவ்வளவுதான். மறுபடி திருப்பினாள். டக்.

“வந்துருச்சு! வந்துருச்சும்மா!” என்று குதித்தாள்.

காணொளி பார்த்துப் பாடம் படித்திருந்தவள் அவள். மீட்டரின் கம்பிகளைப் பிடித்தவள் நான். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தேன். அவள் சாவியைத் திருப்பியபோதும் மீட்டரில் எண் அசையவில்லை. அதாவது பேட்டரி முழுப் பலத்தோடு இருக்கிறது, ஆனால் அதனிடமிருந்து யாரும் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. நடுவில் எங்கேயோ வழி அடைத்திருக்கிறது. அடுத்து ஒரு கம்பியைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை இன்ஜினின் இரும்பிலும் வைத்தேன். வழி ஒழுங்காக இருந்தால் இங்கே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாது.

“திருப்பு” என்றேன்.

டக். கிட்டத்தட்ட பேட்டரியின் பலம் முழுவதும் மீட்டரில் வந்து நின்றது.

“எர்த் வயர்!” என்று உள்ளேயிருந்து கத்தினாள் மகள். பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்கும் இன்ஜினுக்கும் போகிற கறுப்பு வயர். மைனஸ் முனையிலிருந்து அந்த வயரைத் தொட்டுக்கொண்டே போனேன். பேட்டரி உட்கார்ந்திருக்கும் தட்டுக்குக் கீழே இருட்டான ஒரு இடுக்கில் அது இறங்கி, ஒரு போல்ட்டில் முடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். போல்ட் என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. பச்சையும் வெள்ளையும் துருவுமாகப் பொருக்கு அப்பிக் கிடந்தது. அதன் மேல் கறுப்பாக, ஈரமாக, எலிக்குட்டி போல ஏதோ ஒன்று செருகியிருந்தது.

இடுக்கியால் வெளியே எடுத்தோம். துணி முடிச்சு. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். அவிழ்த்தால் உள்ளே கசிந்து கூழாகிக்கொண்டிருந்த கல்லுப்பு, சில காய்ந்த மிளகாய்க் காம்புகள், ஒரு படிகாரத் துண்டு.

மகள் என்னைப் பார்த்தாள். “ம்மா…”

“நான் இல்ல.”

“கண்ணு படாம இருக்க உப்பு முடிச்சு. வேற யாரு வைப்பா? பக்கத்து வீட்டு சீனத்து ஆன்டியா?”

“சாமி சத்தியமா நான் வைக்கல. உங்க அத்தையாத்தான் இருக்கணும்.”

கணவரின் அக்காதான் எங்கள் குடும்பத்தில் எலுமிச்சம்பழம், பூசணிக்காய், கயிறு எல்லாவற்றுக்கும் பொறுப்பு. மகளுக்காகக் கார் வாங்கியபோது பூஜை போடாமல் ஓட்டக்கூடாது என்று அவர் சொன்னதற்கு, “காரு ஓடறது பெட்ரோல்லயா, எலுமிச்சம்பழத்துலயா?” என்று கேட்டு அழவைக்காத குறையாக அனுப்பியவர் என் கணவர்.

அந்த நேரத்தில் அவரே ஷிப்ட் முடிந்து மழைக்கோட்டோடு வாசலில் வந்து இறங்கினார். மகளின் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“அப்பா?” என்றாள் மகள்.

“அது… லிட்டில் இந்தியாவுல ஒரு கடைக்காரரு சொன்னாரு.”

“என்னன்னு?”

“வாங்குன அன்னிக்குத் தெருவே வந்து பார்த்துச்சு. ‘இந்த வயசுலயே காரா, இந்த வயசுலயே காரா’ன்னு ஆளாளுக்கு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு.”

“அதுக்கு? எர்த் போல்ட்டு மேலயா வைப்பீங்க?”

“வேற எங்க வைக்கிறது? யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னுதான உள்ள வச்சேன். அது எர்த்து போல்ட்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

மகள் சிரிக்க ஆரம்பித்து நிற்க முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். “பெட்ரோல்லயா எலுமிச்சம்பழத்துலயா! இருங்க, அத்தைக்கு ஒரு போன் போடறேன்.”

“ஏய், போடாத! அவ கிள்ளான் முழுக்கச் சொல்லிடுவா!”

நானும் சிரித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் துருப்பிடித்த போல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “மேட்டுல ஏறி நின்னுச்சே, அது இதனாலதானா?” என்று மெதுவாகக் கேட்டார். மகள் எழுந்து போய் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “மேடு தடுத்துச்சுல்லப்பா” என்றாள். இந்த வீட்டில் பயந்து சாகிறவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நான் வாயால் பயப்பட்டேன். அவர் யாருக்கும் தெரியாமல் துணியில் முடிந்து வைத்துப் பயந்திருக்கிறார்.

உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மழை நாளில் கசிந்து கசிந்து போல்ட்டின் மேல் சொட்டியிருக்கிறது. ஈரத்தில் பொருக்கு ஊறி வயரை லேசாகத் தூக்கிவிடும் போலிருக்கிறது. வெயில் ஏறிக் காய்ந்ததும் எப்படியோ மறுபடி பிடித்துக்கொள்கிறது. விளக்கு எரியவும் ரேடியோ பாடவும் போதுமான அளவுக்கு மின்சாரம் போகும், இன்ஜினைச் சுழற்றுகிற அளவுக்குப் போகாது. இது என் ஊகம்தான். போமேன் அதைக் கேட்டுத் தலையாட்டினார். பழைய வயரைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, புது வயரும் புது போல்ட்டும் போட்டுக் கிரீஸ் பூசினார். “உப்பு கறிக்கு மட்டும் போடுங்க அண்ணே” என்றார் கணவரிடம்.

மறுநாள் ஞாயிறு. அவள் புறப்படுவதற்கு முன்பு நான் ஒன்று கேட்டேன். பக்கத்தில் மூடியிருந்த ஒரு தொழிற்சாலையின் வெற்றுக் கார்நிறுத்தத்துக்குப் போனோம். தரை மட்டமாக இருந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையில் நான் உட்கார்ந்தேன். பிரேக்கை மிதித்தேன். முதல் இரண்டு மூன்று மிதிக்கு வழக்கம்போல இறங்கியது. அதற்குப் பிறகு பாறை. ஸ்டியரிங்கும் திரும்ப மறுத்தது.

“இப்படியா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“ம்ம்.”

“என்ன பண்ணுன?”

“ரெண்டு காலாலயும் மிதிச்சேன். ‘அம்மா’ன்னு கத்துனேன்.”

இதை அவள் அதுவரை சொல்லியிருக்கவில்லை. பிறகு அவள் என்னை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்து, நிறுத்திய இன்ஜினோடு பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகினாள். எவ்வளவு அழுத்தினால் பிடிக்கிறது என்று அவள் காலுக்குத் தெரிகிறவரை நான் பக்கத்து இருக்கையில் இருந்தேன். இன்ஜின் ஓடாமல் கைபிரேக்கை இறக்க மாட்டேன் என்று வாக்குக் கேட்டேன். “லோரிக்காரரு கெட்ட வார்த்தையில திட்டுனாலும் எறக்க மாட்டேன்” என்றாள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனாள். கணினியிலிருந்த அந்த ஒரு வரியை அழித்துவிட்டாள் என்பதை அவள் போன பிறகுதான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை கிள்ளானில் ரயில் ஏறினேன். கூப்பிடக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். போனைப் பையின் அடியில் போட்டு மேலே சாப்பாட்டு டப்பாவை வைத்தேன். சுபாங் ஜெயா தாண்டும் முன்பே மணி அடித்தது. டப்பாவை எடுத்துப் பக்கத்திலிருந்த பெண்ணின் மடியில் வைத்துவிட்டுப் போனைத் தேடினேன்.

“ம்மா, கார்ல உக்காந்திருக்கேன். ராத்திரியெல்லாம் மழை. முன்னாடி இருக்கற செடிகூடத் தெரியல, அவ்ளோ பனி. கேக்கறீங்களா?”

“ம்.”

சாவி திரும்பியது. கார் ஒரே மூச்சில் கிளம்பியது.

“கேட்டுச்சா?” என்றாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். “சரி, லேட்டாகுது, வைக்கிறேன்” என்றவள் வைக்க மறந்துவிட்டாள். போனைப் பக்கத்து இருக்கையில் போட்டிருக்க வேண்டும். நானும் துண்டிக்கவில்லை. வைப்பர் அசையும் சத்தம் கேட்டது. வளைவில் ஹாரன் அடித்தாள். எதிரே வந்த ஏதோ கனமான வண்டிக்காக நின்றாள், மறுபடி கியர் போட்டாள். இறக்கத்தில் இன்ஜின் இரைந்து அடங்கியது. ஏதோ ஒரு பாட்டை வார்த்தை இல்லாமல் முனகிக்கொண்டே ஓட்டினாள்.

நான் இறங்க வேண்டிய நிலையம் வந்து போனதைக் கவனிக்கவில்லை. பக்கத்துப் பெண், “அக்கா, உங்க டப்பா” என்று நீட்டியபோதுதான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த நேரத்தில் போனுக்குள் கார் நின்றது, கதவு திறந்தது, ஈரத் தரையில் ஓடிவரும் காலடிகள் கேட்டன.

“வணக்கம் டீச்சர்! நீங்க எந்த கிளாஸ் டீச்சர்?”

“தெரியலையே கண்ணு. நானும் இன்னிக்குத்தான் புதுசு. வா, ஆபீஸ் எங்கன்னு காட்டு.”